ஒட்டுமானியும் உப்பும்

இருபத்திரண்டாம் நாள் காலையில் சலேத் மச்சாதுவின் சட்டைக் காலரில் இருந்த ஒட்டுமானி பதினொன்றைக் காட்டியது. நேற்று பன்னிரண்டு. முந்தாநாள் பதிமூன்று. வங்கிக் கணக்குத் திறக்க அறுபது வேண்டும். இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது, முள்ளோ பின்னால் போய்க்கொண்டிருந்தது.

ஒரு காலத்தில் அயல்நாட்டில் வங்கிக் கணக்கு வேண்டுமென்றால் ஒரு கட்டுக் காகிதத்தோடு போனால் போதும். வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, வேலைக் கடிதம், கடவுச்சீட்டு. பிறகு எந்தக் காகிதத்தையும் எந்தக் கையெழுத்தையும் எந்த முகத்தையும் அரை நொடியில் செய்து தரும் இயந்திரங்கள் வந்தன. செத்தவர்கள் பெயரிலும் பிறக்காதவர்கள் பெயரிலும் கணக்குகள் முளைத்தன. திருட்டுப் பணம் அவற்றில் வந்து ஒரு நாள் தங்கிவிட்டுக் காணாமல் போனது. வங்கிகள் அலுத்துப்போய், ‘நீ யார்’ என்று கேட்பதை விட்டுவிட்டு ‘நீ இங்கே இருப்பாயா, ஓடிவிடுவாயா’ என்று கேட்க ஆரம்பித்தன.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் ஒட்டுமானி. சட்டைப் பொத்தான் அளவு கருவி. நாற்பது நாள் அணிந்திருக்க வேண்டும். அணிந்தவர் பேசுவதையும் அவரிடம் ஊரார் பேசுவதையும் கேட்டு, ஆள் அந்த ஊரோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறார் என்று நூற்றுக்கு ஓர் எண் சொல்லும். எதை வைத்துச் சொல்கிறது என்பது மட்டும் ரகசியம். தெரிந்தால் நடித்துவிடுவார்கள் அல்லவா?

சலேத் தூத்துக்குடிக்காரி. உப்பிலிருந்து மின்கலம் செய்யும் பொறியாளர். போர்ச்சுகல் நாட்டில் அவெய்ரோ என்கிற இந்தக் காயலோரத்து ஊரிலும் உப்பளங்கள் உண்டு. மின்கலத் தொழிற்சாலை ஒன்று அவளைக் கூப்பிட்டு வேலை கொடுத்திருந்தது. ஆனால் உள்ளூர் வங்கிக் கணக்கு இருந்தால்தான் வேலை உறுதியாகும். வேலை உறுதியானால்தான் குடியிருப்பு அட்டை. அட்டை வந்தால்தான் கணவர் லொயோலாவும் பதினொரு வயது மகள் மிக்கேலாவும் வர முடியும். நாற்பதாம் நாள் அறுபது வராவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அடுத்த முயற்சிக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். தொழிற்சாலை அதுவரை நாற்காலியைக் காலியாக வைத்திருக்காது.

மச்சாது என்ற பெயராவது கை கொடுக்கும் என்று நினைத்திருந்தாள். ஐந்நூறு வருடத்துக்கு முன் இந்தக் கரையிலிருந்து கப்பலேறி முத்துக்குளித்துறைக்குப் போன பெயர் அது. இங்கே தபால்காரரும் மச்சாது, பல் மருத்துவரும் மச்சாது. ஆனால் பெயருக்கென்று ஒட்டுமானி அரை மதிப்பெண்கூடத் தரவில்லை.

அவளும் குறை வைக்கவில்லை. வேலைக்குப் போகும் படகு சரியாக வந்தால் ஓட்டுநருக்கு நன்றி சொன்னாள். தாமதமாக வந்தாலும் காயல் எவ்வளவு அழகு என்று சொன்னாள். மூன்று நாள் விடாமல் மழை பெய்தபோது குளிர்ச்சியாக இருக்கிறது என்றாள். அவள் காதிலிருந்த துபாசி என்ற மொழிபெயர்ப்புக் கருவி இவற்றையெல்லாம் அழகான போர்த்துக்கீசில் சொன்னது. அவர்கள் சொல்வதைத் தூத்துக்குடித் தமிழில் அவளுக்குச் சொன்னது. அப்படிப் பேச லொயோலாதான் அதைப் பழக்கிக் கொடுத்திருந்தார். ஆகவே அவெய்ரோவே அவளுக்குப் பக்கத்துத் தெரு மாதிரிதான் கேட்டது. கேட்டு என்ன, முள் இறங்கியது.

அன்று வங்கிக்குப் போய் என்ரீக்கைப் பார்த்தாள். கணக்குப் பிரிவு அதிகாரி, முப்பது வயது, இந்த ஊரிலேயே பிறந்தவர். அவரைப் போல ஒரு தன்மையான மனிதரை அவள் பார்த்ததில்லை. அவர் தலைக்கு மேல் குளிரூட்டி ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியை ஓர் அடி நகர்த்திப் போட்டு, சொட்டு விழுகிற இடத்தில் ஒரு காப்பிக் கோப்பையை வைத்திருந்தார். கோப்பை நிரம்பியதும் ஓசைப்படாமல் எழுந்து போய்க் கொட்டிவிட்டு வந்தார்.

மானி கெட்டுப்போயிருக்குமோ என்று சலேத் கேட்டாள். அவர் சோதித்துப் பார்த்து, நன்றாகவே வேலை செய்கிறது என்றார். எதை வைத்து அளக்கிறது என்பது தனக்கே தெரியாது என்று மிகவும் வருத்தப்பட்டார். சென்ற மாதம் ஒரு ஜெர்மன்காரர் இருபதே நாளில் எழுபது வாங்கினாராம். அவர் அப்படி என்ன செய்தார் என்று கேட்டதற்கு என்ரீக் தயங்கினார். “அத ஏன் கேக்கீங்க. இங்கன வந்த அன்னைக்கெல்லாம் சண்டதான் போட்டாரு. அவருக்கு எப்பிடி அவ்ளோ வந்துதுன்னு எங்க யாருக்கும் வெளங்கல.”

சலேத்துக்கும் விளங்கவில்லை. இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சிரித்துப் பார்ப்போம் என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போனாள்.

அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நம் பிள்ளைகளை நாம் அப்படித்தான் வளர்க்கிறோம். அடுத்த வீட்டில் சாப்பிடப் போனால் குழம்பில் உப்பே இல்லாவிட்டாலும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டு, நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு வர வேண்டும். கூட ஒரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டால் இன்னும் விசேஷம். சலேத் கல்யாணமாகிப் போன வீட்டிலும் எட்டு மாதம் அப்படித்தான் சாப்பிட்டாள். ஒன்பதாம் மாதம் ஒருநாள், பசியில், சாளைக் குழம்பில் உப்பு பத்தவில்லை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். மாமியார் உப்பு ஜாடியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அன்றிலிருந்துதான் ‘நீங்க, வாங்க’ போய் ‘ஏ புள்ள’ வந்தது. அப்போது அதை அவள் பெரிதாக நினைக்கவில்லை.

முப்பத்தொன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மானியில் ஒன்பது. காலையில் லொயோலா கூப்பிட்டார். உற்சாகமாக இருந்தார். பைக்கை விற்றாகிவிட்டது, வீட்டுக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது.

“மிக்கேலாவுக்கு டி.சி.யும் வாங்கிட்டேன். நீதான் தெனமும் எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லுதியே. பொறவு என்னத்துக்குக் காத்துக் கெடக்கணும்?”

ஊராரிடம் சொன்ன பொய்யைத்தான் கணவரிடமும் சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திய பிள்ளை அங்கே புத்தகப் பையை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. இங்கே ஒன்பது. சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அழுகை வந்தது, அழுதாள்.

அன்று மதியம் கீழ்வீட்டில் சாப்பாடு. வீட்டுக்காரி லூர்தெஸ் ஐம்பது வயதுக்காரி, மீன்கடை வைத்திருப்பவள், நல்ல மனசு. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை சலேத்தைச் சாப்பிடக் கூப்பிட்டுவிடுவாள். வாராவாரம் பகல்யாவ்தான். அந்த ஊரே தலையில் வைத்துக் கொண்டாடுகிற பகல்யாவ், சலேத்தின் கணக்கில் சுத்தமான கருவாடு. பெரிய மீன், அவ்வளவுதான். அந்தக் கருவாட்டை லூர்தெஸ் சரியாக ஊற வைப்பதில்லை. நான்கு ஞாயிறாக நாக்கு வெந்துபோக, அருமை அருமை என்று சொல்லிச் சாப்பிட்டிருந்தாள் சலேத்.

ஐந்தாம் ஞாயிறு முதல் வாயிலேயே அவளுக்குப் பொறுமை போய்விட்டது. காலையில் வந்த அழுகை, முப்பத்தொரு நாள் சிரித்த சிரிப்பு, எல்லாம் சேர்ந்து நாக்குக்கு வந்தது.

“லூர்துக்கா, உப்பு கரிக்குக்கா. வாயில வைக்க முடியல. எவ்ளோ நேரம் தண்ணில போட்டீங்க?”

லூர்தெஸின் கணவர் அல்பெர்த்தோ முள்கரண்டியை மெல்லக் கீழே வைத்தார். லூர்தெஸ் ஒரு ராத்திரி முழுக்கப் போட்டதாகச் சொன்னாள். ஒரு ராத்திரி எப்படிப் போதும், இரண்டு நாளாவது போட வேண்டும், மூன்று தடவை தண்ணீர் மாற்ற வேண்டும், கருவாட்டில் பிறந்து வளர்ந்தவள் சொல்கிறேன் என்றாள் சலேத். எங்கள் பகல்யாவைப் பற்றி நீ எனக்குச் சொல்லித் தருகிறாயா என்றாள் லூர்தெஸ். துபாசி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொல்லி மூச்சு வாங்கியது. கடைசியில் லூர்தெஸ் விருட்டென்று எழுந்து உள்ளே போனாள். சலேத்துக்கு அப்போதுதான் புத்தி வந்தது. இருக்கிற ஒரே நல்ல மனுஷியையும் பகைத்துக்கொண்டோமே என்று எழுந்திருக்கப் போனாள்.

லூர்தெஸ் முழ நீளக் கருவாடு ஒன்றோடு திரும்பி வந்தாள். அதை மேசை மேல் தொப்பென்று போட்டாள். “அடுத்த வாரம் நீயே ஆக்கு. பாக்குதேன் ஒன் சாமர்த்தியத்த.” பிறகு கணவர் பக்கம் திரும்பி, “இருவது வருசமா திங்கீரே, ஒரு வார்த்த சொன்னீரா?” என்று அவரைப் பிடித்துக்கொண்டாள்.

சலேத் கருவாட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு மாடியேறினாள். பாதிப்படியில் மாட்டியிருந்த கண்ணாடியில் காலரைப் பார்த்தாள். இருபத்தாறு.

பொறியாளர் அல்லவா, மறுநாளே சோதனையில் இறங்கிவிட்டாள். படகு இருபது நிமிடம் தாமதம். இந்தத் தடவை காயலின் அழகைப் பற்றிப் பேசவில்லை. இப்படியே போனால் நீந்தித்தான் வேலைக்குப் போக வேண்டும் என்று ஓட்டுநரிடம் சொன்னாள். அவர் சந்தோஷமாக நகராட்சியைத் திட்ட ஆரம்பித்தார். பக்கத்திலிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இறங்கும்போது முப்பத்திரண்டு. வீட்டில் தனியாக உட்கார்ந்து மழையைத் திட்டிப் பார்த்தாள். முள் அசையவில்லை. கடைக்காரரிடம் நன்றாக இருந்த ரொட்டியைச் சும்மா பழித்துப் பார்த்தாள். அவர் முகம் வாடியது. முள் ஒன்று இறங்கியது. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தெருவில் மாதக்கணக்காகத் தோண்டிப் போட்டிருக்கும் குழியைப் பற்றி நிஜமாகவே எரிச்சல்பட்டாள். அவர் கடையை விட்டு வெளியே வந்து, அந்தக் குழியில் விழுந்தவர்கள் பெயரையெல்லாம் சொன்னார். முள் மூன்று ஏறியது.

விஷயம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. மனசில் இருக்கிற குறையை ஊர்க்காரர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அவரும் பதிலுக்கு வாய் திறக்க வேண்டும். புகழ்கிறவர் விருந்தாளி. விருந்தாளி கிளம்பிவிடுவார். உப்பு கரிக்கிறது என்று சொல்கிறவர் நாளைக்கும் சாப்பிட வருவார்.

அடுத்த எட்டு நாளும் அவளுக்கு அந்த ஊரில் கிடைத்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அடக்கி வைத்ததையெல்லாம் சொல்லச் சொல்ல உடம்பே லேசானது. மனிதர்கள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அடுத்த ஞாயிறு அவள் மூன்று தண்ணீர் மாற்றி ஆக்கிய பகல்யாவை அல்பெர்த்தோ தட்டை வழித்துச் சாப்பிட்டார். லூர்தெஸ் மட்டும், வெங்காயம் கருகிவிட்டது என்றாள். உண்மையிலேயே கருகித்தான் இருந்தது.

நாற்பதாம் நாள் காலை முள் ஐம்பத்தெட்டில் நின்றது. வழியில் படகு சரியான நேரத்துக்கு வந்து தொலைத்தது. மழை இல்லை. குழியைக்கூட மூடிவிட்டார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லாமல் என்ரீக் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

என்ரீக் முள்ளைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு தூரம் வந்த பிறகு இரண்டில் போகிறதே, தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று மன்னிப்புக் கேட்டார். சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது என்றார். மகளை நினைத்துக்கொண்டு சலேத் தலையைக் குனிந்தாள். அவள் விண்ணப்பத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. தன் கண்ணீர்தான் என்று நினைத்தாள். இன்னொரு சொட்டு விழுந்ததும் மேலே பார்த்தாள்.

“இது இன்னுமா ஒழுகுது? எத்தன மாசமாச்சு?”

எட்டு மாதம் என்றார் என்ரீக். பரவாயில்லை, கோப்பை இருக்கிறது, மேலாளருக்கு நிறைய வேலை, இதைப் போய் எப்படி அவரிடம் சொல்வது என்றார். கோப்பைக்குத் தப்பிய சொட்டுகளில் அவர் இடது தோளில் சட்டை நனைந்து, காய்ந்து, திட்டுத் திட்டாகக் கறை படிந்திருந்ததை சலேத் அப்போதுதான் கவனித்தாள். அறுபதும் மறந்தது, ஐம்பத்தெட்டும் மறந்தது. நேராக மேலாளர் அறைக்குள் போனாள்.

“ஒங்ககிட்ட வேல பாக்குற புள்ள எட்டு மாசமா நனஞ்சிக்கிட்டு உக்காந்திருக்கு. நீங்க இந்த வழியாத்தான தெனம் போறீங்க வாரீங்க? கண்ணு தெரியலயா?”

மேலாளர் அம்மாள் எழுந்து வந்து பார்த்தார். தலைமை அலுவலகத்துக்கு ஆறு தடவை எழுதியாகிவிட்டது, ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, தன் அறையில் கதவுகூட மூடுவதில்லை என்று அவர் தன் குறையைக் கொட்ட ஆரம்பித்தார். இருவரும் கால் மணி நேரம் தலைமை அலுவலகத்தைத் திட்டினார்கள். சலேத் மேசைக்குத் திரும்பியபோது என்ரீக் அவள் காலரைச் சுட்டிக் காட்டினார். அறுபத்து மூன்று.

அதிலிருந்து ஆறாவது வாரம் லொயோலாவும் மிக்கேலாவும் வந்து இறங்கினார்கள். லொயோலா சந்தையில் மீன் வெட்டுகிற விதத்தைப் பார்த்து முதல் நாளே சண்டை போட்டார். அவருக்கு இருபத்தைந்தே நாளில் அறுபது வந்தது. மிக்கேலா பள்ளிக்கூடத்து மதிய உணவைப் பற்றி ஒரு கூட்டமே சேர்த்துவிட்டாள். சலேத் நிம்மதியாக இருந்தாள். அந்த நிம்மதியை யாரிடமும் சொல்லாமல் கவனமாக வைத்துக்கொண்டாள்.

கதை இங்கேயே முடிந்திருக்கும். மறு வருடம் யாரோ வழக்குப் போட்டுவிட்டார்கள். அயல்நாட்டாரை மட்டும் அளப்பது என்ன நியாயம் என்று கேட்டார்கள். நீதிமன்றத்தில் ஒட்டுமானியின் சூத்திரம் வெளியே வந்தது. கருவி நான்கு லட்சம் பேரின் பேச்சைக் கேட்டுத் தானாகவே கண்டுபிடித்ததாம்: ஊரைப் புகழ்ந்தவர்கள் போய்விட்டார்கள், ஊராரோடு குறைபட்டுக்கொண்டவர்கள் இருந்துவிட்டார்கள். கருவி நல்ல கருவிதான், ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்று தீர்ப்பானது. இனி ஊரில் பிறந்தவரும் நாற்பது நாள் அணிய வேண்டும். அறுபது வராத கணக்கு மூடப்படும்.

சூத்திரம் தெரிந்துவிட்டதால் எல்லோரும் நடித்துத் தப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தார்கள். நடப்பு வேறாக இருந்தது. சந்தையில் மீன் விற்கும் வெளிநாட்டுக்காரிகளுக்கு எண்பது, தொண்ணூறு என்று வந்தது. ஊரில் பிறந்து வளர்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, யாரையும் ஒரு வார்த்தை சொல்லாமல், யாரிடமும் ஒரு வார்த்தை வாங்காமல் வாழ்ந்த மரியாதைக்காரர்களெல்லாம் பத்துக்கும் பதினைந்துக்கும் நடுவில் தொங்கினார்கள். அல்பெர்த்தோ மட்டும் தப்பித்தார். இருபது வருடத்துப் பகல்யாவைப் பற்றி அவருக்கும் லூர்தெஸுக்கும் பேச வேண்டியது நிறைய இருந்தது.

என்ரீக்குக்கு ஏழு. இன்னும் பத்து நாள். கணக்கு மூடினால் அவருடைய சம்பளமே போய்ச் சேர இடமில்லை. கணக்கில்லாதவர் கணக்குப் பிரிவில் உட்காரவும் முடியாது. சொந்த ஊரில் அயலாராகிவிட்ட அந்த மனிதர், ஒரு சனிக்கிழமை இரவு கையில் பூங்கொத்தோடு சலேத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றார். வாசல் விளக்கு எரியாததால் படியில் தடுக்கி, அதற்கும் மன்னிப்புக் கேட்டார்.

அவரை உட்கார வைத்து சலேத் சாளைக் குழம்பு ஊற்றினாள். என்ரீக் ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணை மூடித் திறந்தார். அருமை என்றார். காலரில் முள் ஆறுக்கு இறங்கியது.

மிக்கேலா முதல் கவளத்திலேயே தட்டைத் தள்ளினாள். “அம்மா, உப்பே போடலியே.”

“பேசாமச் சாப்புடு” என்றாள் சலேத்.

என்ரீக் அவசரமாகக் குழந்தையைச் சமாதானப்படுத்தினார். இல்லை, இல்லை, மிக நன்றாக இருக்கிறது என்றார். அதை நிரூபிக்க இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார். முள் ஐந்து. லொயோலா சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார். சலேத் எழுந்து போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து என்ரீக்கின் முன்னால் வைத்தாள்.

அவர் ஜாடியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கை பாதி தூரம் போய்த் திரும்பியது. எட்டு மாதம் தோளில் சொட்டிய தண்ணீரைப் பொறுத்துக்கொண்ட மனிதருக்கு அந்தச் சிட்டிகை உப்பு அவ்வளவு தூரத்தில் இருந்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, மிகச் சின்னக் குரலில் சொன்னார்.

“தப்பா எடுத்துக்கிடாதீங்க. இதுல... உப்பு கொஞ்சம் கொறவு.”

“கொஞ்சமா?” என்றாள் சலேத்.

“சுத்தமா இல்ல. வாயில வைக்க முடியல.” சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டுப் போனார். பிறகு, நிறுத்த முடியாதவர் போல, “வாசல்ல லைட்டும் எரியல. விழப் பாத்தேன்” என்றார்.

உடனே லொயோலா, அந்த விளக்கை மாற்றச் சொல்லி லூர்தெஸிடம் எத்தனை தடவை சொல்வது என்று ஆரம்பித்தார். மிக்கேலா, அம்மா வைக்கும் ரசமும் இப்படித்தான் என்றாள். முள் பதிமூன்றுக்கு வந்திருந்தது. என்ரீக் உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டு, பசித்தவர் சாப்பிடுவது போலச் சாப்பிட்டார்.

கிளம்பும்போது அவர் பழக்கதோஷத்தில் சாப்பாட்டுக்கு நன்றி சொல்ல வாயெடுத்தார். சலேத் கையமர்த்தினாள்.

“இன்னும் பத்து நாள் இருக்குல்லா. நாளைக்கும் வாங்க. நாளைக்குப் புளி போட மாட்டேன்.”